கல்லீரல்தான் வளர்ந்துவிடுமே, பிறகு கொடையாளருக்கு ஏன் இத்தனை பரிசோதனை?

4 செப்டம்பர் 2025, காலை (ஒரு வாசகரின் கேள்வி)

என் தந்தைக்குச் சிரோசிஸ், அதாவது கல்லீரல் வடுப்பட்டு இறுகும் நோய். என் கல்லீரலில் ஒரு பகுதியைக் கொடுக்கத் தயார் என்று சொல்லி மூன்று வாரம் ஆகிறது. இரத்தப் பரிசோதனை, ஸ்கேன், மறுபடியும் ஸ்கேன், மனநல மருத்துவருடன் பேச்சு என்று நாள் ஓடுகிறது. வெட்டினாலும் வளர்ந்துவிடும் உறுப்புத்தானே? நகம் வெட்டுவதற்கா இத்தனை ஆராய்ச்சி?

4 செப்டம்பர் 2025, இரவு

நகம் இல்லை தம்பி. கொடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன். 2018இல் என் அக்காவுக்கு வலது பகுதியைக் கொடுத்தேன்.

வளர்ந்துவிடும் என்பது பொய்யில்லை. ஆனால் வெட்டியெடுத்த பகுதி மரக்கிளைபோல மறுபடி துளிர்ப்பதில்லை. என் வயிற்றில் வலது பகுதி இன்றும் கிடையாது. மிஞ்சிய இடது பகுதி பருத்து, முழுக் கல்லீரலின் வேலையையும் தன் தலையில் போட்டுக்கொண்டது. குடலிலிருந்து போர்ட்டல் சிரை வழியாக வரும் இரத்தம் முழுவதும் இப்போது அந்தச் சிறிய பகுதிக்குள் பாய்கிறது. அந்த வேகமும், இரத்தத்தில் ஏறும் வளர்ச்சிக் காரணிகளும்தான் உறங்கிக் கிடந்த செல்களை இரண்டிரண்டாகப் பிரிந்து பெருகச் சொல்கின்றன. 1931இல் ஹிக்கின்ஸ், ஆண்டர்சன் என்ற இருவர் எலியின் கல்லீரலில் மூன்றில் இரண்டு பங்கை வெட்டி இதை அளந்து காட்டினார்கள். இன்றுவரை ஆய்வகங்களில் அதே முறைதான்.

உங்களுக்குச் செய்யும் பரிசோதனைகளெல்லாம் வளருமா என்று பார்ப்பதற்கல்ல. வளர்ந்து முடிக்கும்வரை நீங்கள் தாங்குவீர்களா என்று பார்ப்பதற்கு. எனக்கு மூன்று மாதத்தில் முழு அளவை எட்டிவிட்டது. அந்த மூன்று மாதத்தின் முதல் மூன்று வாரத்தைத்தான் மறக்க முடியவில்லை.

5 செப்டம்பர் 2025

அந்த மூன்று வாரத்தைப் பற்றிச் சொல்லச் சொன்னார்கள்.

அறுவை முடிந்து வயிற்றிலிருந்து ஒரு வடிகுழாய் வெளியே வந்திருக்கும், அதன் முனையில் ஒரு பை. முதல் ஐந்து நாள் அதில் இளஞ்சிவப்பாக நீர் வடிந்தது. ஆறாம் நாள் காலை செவிலியர் பையைச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பொன்மஞ்சளில் பச்சை கலந்த நிறம். அவர் ஒன்றும் பேசாமல் போய் மருத்துவரை அழைத்துவந்தார். பித்தம் கசிகிறது. கல்லீரலை வெட்டிய பரப்பில் எங்கோ ஒரு நுண்குழாய் மூடவில்லை.

இது யாருடைய தவறும் இல்லை. கொடையாளர்களுக்கு வரும் சிக்கல்களில் அடிக்கடி தலைகாட்டுபவற்றில் இதுவும் ஒன்று. எனக்கு மறு அறுவை தேவைப்படவில்லை. பதினோரு நாள் குழாயோடு படுத்திருந்தேன், தானாக நின்றது. என் அத்தான் ஒவ்வொரு காலையும் பையில் எத்தனை மில்லிலிட்டர் என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைத்தார். 210, 180, 185, 90 என்று இறங்கிய அந்த எண்களை இப்போது படித்தாலும் வயிற்றில் அந்த இடம் இழுக்கிறது.

வட அமெரிக்காவில் பல மருத்துவமனைகள் சேர்ந்து கொடையாளர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று உண்டு. கொடுத்து முடித்த 740 பேரில் 296 பேருக்கு, அதாவது 40 சதவீதம் பேருக்கு, ஏதாவது ஒரு சிக்கல் வந்தது. பெரும்பாலானவை என்னுடையதுபோலத் தீர்ந்துபோனவை. உயிரிழப்பு ஆயிரத்தில் இரண்டு பேர் அளவில் என்று உலகளாவிய கணக்கெடுப்பு ஒன்று சொல்கிறது. சிறிய எண்தான். ஆனால் அந்த இருவரும் எந்த நோயும் இல்லாமல் சொந்தக் காலில் நடந்து மருத்துவமனைக்குள் போனவர்கள். உறுப்புக் கொடையைத் தவிர வேறு எந்த அறுவையிலும் இப்படி இல்லை. தன் உடம்புக்கு எந்த நன்மையும் இல்லாத ஒருவரை அறுக்கிறோம் என்ற பயம் மருத்துவருக்கு இருக்கவேண்டும். உங்களை மூன்று வாரம் அலைய வைப்பது அந்தப் பயம்தான். அது நல்ல பயம்.

7 செப்டம்பர் 2025

திருத்தம். "மூன்று மாதத்தில் முழு அளவு" என்று முதல் நாள் எழுதியதை ஒருவர் பிடித்துக் கேட்டார். சரியான கேள்வி. பழைய கோப்பை எடுத்துப் பார்த்தேன். மூன்றாம் மாத ஸ்கேனில் பழைய அளவில் ஐந்தில் நான்கு பங்குதான் இருந்தது. மேலே சொன்ன ஆய்விலும் கொடையாளர்களின் சராசரி ஏறக்குறைய அதே 80 சதவீதம். வியப்பு என்னவென்றால், பெற்றுக்கொண்டவர்களின் கல்லீரல் அதே காலத்தில் இன்னும் வேகமாக வளர்கிறது.

முழு அளவு என்று எனக்கு எப்படி நினைவில் பதிந்தது? வெளியே போகும்போது மருத்துவர் "எல்லாம் சரியாகிவிட்டது" என்றார். சரியாகிவிட்டதை நான் முழுதாகிவிட்டது என்று வைத்துக்கொண்டேன். இரத்தப் பரிசோதனை எண்கள் சில வாரங்களில் நேராகிவிடுகின்றன, பருமன் மெதுவாக ஏறுகிறது. இன்னொன்று: கொடுத்து இரண்டு மூன்று ஆண்டு கழிந்தும் கொடையாளர்களின் இரத்தத் தட்டணுக்கள் பழைய எண்ணிக்கையைவிடச் சற்றுக் குறைவாகவே நிற்பதையும் அதே ஆய்வுக் குழு கண்டிருக்கிறது. எனக்கும் அப்படித்தான். தொல்லை ஒன்றும் இல்லை. ஆனால் புது மருத்துவர் யாரைப் பார்த்தாலும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

8 செப்டம்பர் 2025

"எவ்வளவு மிச்சம் இருக்கவேண்டும்?" பொதுவாக மொத்தப் பருமனில் 30 முதல் 35 சதவீதமாவது கொடையாளரிடம் தங்கவேண்டும். பெறுபவருக்கு அவர் உடல் எடையில் 0.8 சதவீதமாவது போகவேண்டும் என்பது பழகிய அளவுகோல். இரண்டு கணக்கும் ஒரே நேரத்தில் தீரவேண்டும். இரண்டாவது ஸ்கேன் எதற்கு என்று கேட்டீர்களே, இதற்குத்தான். பித்தநாளம் எந்த இடத்தில் கிளைக்கிறது என்பதும் ஆளுக்கு ஆள் மாறும்.

11 செப்டம்பர் 2025

அக்காவைப் பற்றி இதுவரை எழுதவில்லை. அவள் ஆசிரியை. கரும்பலகையில் அவள் எழுதினால் அச்சுப் பார்த்த மாதிரி இருக்கும். அவளுக்கு வந்தது தன்னுடல் தாக்கும் கல்லீரல் அழற்சி. உடம்பின் எதிர்ப்பு அணுக்களே கல்லீரலைத் தாக்கும் நோய், பெண்களுக்குத்தான் மிகுதியாக வருகிறது. மதுவைத் தொட்டதே இல்லை. ஆனாலும் பார்க்க வந்த ஒவ்வொருவரும் குரலைத் தாழ்த்தி அத்தானிடம் அதைத்தான் கேட்டார்கள்.

ஒருநாள் பரிசோதனை அறையில் மருத்துவர் அவளிடம் ஒரு தாளைக் கொடுத்து, ஐந்து முனை நட்சத்திரம் வரையச் சொன்னார். பேனா எடுக்காமல் ஒரே இழுப்பில் போடுவோமே, அதுதான். மாணவர்களின் நோட்டில் ஆயிரம் முறை போட்டிருப்பாள். முதல் கோடு நேராக மேலே போனது. இரண்டாவது கோடு இறங்கும்போது எங்கே திரும்புவது என்று தெரியாமல் பேனா அப்படியே நின்றது. அவள் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முதல் கோட்டின் மேலேயே இன்னொரு கோடு போட்டாள். மருத்துவர் தாளை மெதுவாக வாங்கி மடித்துவைத்துக்கொண்டார்.

கல்லீரல் வடிகட்டாமல் விட்ட அமோனியாவும் மற்ற நச்சுகளும் மூளைக்குப் போவதால் வரும் குழப்பம் அது. லாக்டுலோஸ் என்ற மலமிளக்கி மருந்து கொடுத்து வயிற்றைச் சுத்தமாக வைத்ததும் மூன்றாம் நாள் தெளிந்துவிட்டாள். தெளிந்ததும் அந்தத் தாளைக் கேட்டாள். காட்டவில்லை.

12 செப்டம்பர் 2025

நேற்று எழுதியதில் ஒன்று விட்டுப்போனது. இவ்வளவு மோசமாக இருந்தும், இறந்தவர்களின் கல்லீரலுக்காகக் காத்திருப்போர் வரிசையில் அவளுக்கு முன்னுரிமை கிடைக்கவில்லை.

மெல்ட் என்று ஒரு மதிப்பெண் இருக்கிறது. மஞ்சள் காமாலையைக் காட்டும் பிலிருபின், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், இரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். ஆகிய மூன்றையும் சேர்த்து 6 முதல் 40 வரை எண் போடுவார்கள். எண் ஏற ஏற, அடுத்த மூன்று மாதத்தில் இறக்கும் ஆபத்து ஏறுகிறது என்று பொருள். அமெரிக்காவில் 2002இல் கல்லீரல்களைப் பகிர்வதற்கு இதைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள், பிறகு பல நாடுகளும் எடுத்துக்கொண்டன. காத்திருந்த நாள்களை எண்ணுவதற்குப் பதில் நோயின் தீவிரத்தை எண்ணியது பெரிய நியாயம். அதை மறுக்கவில்லை.

ஆனால் வயிற்றில் பத்து லிட்டர் நீர் கோத்தாலும், நட்சத்திரம் வரைய முடியாமல் போனாலும் அந்த எண் அசைவதில்லை. கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. பெண்களுக்குத் தசை குறைவு, ஆகவே சிறுநீரகம் அதே அளவு கெட்டிருந்தாலும் எண் குறைவாகக் காட்டும். வரிசையில் ஆண்களைவிடப் பெண்கள் அதிகமாக இறந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டுக் காட்டினார்கள். புதிய மெல்ட் 3.0 கணக்கில் பெண்களுக்கு 1.33 புள்ளி கூட்டப்படுகிறது, 2016இலேயே சேர்ந்துவிட்ட சோடியத்தோடு ஆல்புமினும் சேர்கிறது. 2023இல் அமெரிக்காவில் நடைமுறைக்கு வந்தது. அக்கா காத்திருந்தது 2018இல். அவள் எண் 17லேயே நின்றது. நான் படுத்ததற்குக் காரணம் அந்த 17தான்.

15 செப்டம்பர் 2025

கேட்டவருக்கு: உங்கள் கல்லீரலில் கொழுப்பு இருக்கிறது என்றார்களாமே. பயப்படாதீர்கள், கோபமும் வேண்டாம். எனக்கும் அதையேதான் சொன்னார்கள். செல்களில் பெரிய துளிகளாகப் படியும் கொழுப்பு 30 சதவீதத்தைத் தாண்டினால் பொதுவாக ஏற்பதில்லை. கொழுப்பு ஏறிய கல்லீரல், எடுத்துப் பொருத்தும்வரை இரத்த ஓட்டம் நிற்கும் நேரத்தைத் தாங்காது, வளர்வதும் மந்தம். இரண்டரை மாதத்தில் எட்டு கிலோ குறைத்தேன். எடை இறங்கினால் கல்லீரல் கொழுப்பு விரைவாகக் கரைகிறது.

உடம்பில் எந்த அறிகுறியும் இல்லாமல் எனக்கு அது இருந்தது என்பதுதான் என்னை உலுக்கியது. உலகில் ஏறக்குறைய மூன்று பெரியவர்களில் ஒருவருக்கு இருக்கிறது. "மது சாராத கொழுப்புக் கல்லீரல்" என்ற பழைய பெயரை 2023இல் மாற்றி, வளர்சிதை மாற்றக் கோளாற்றோடு இணைத்துப் பெயரிட்டிருக்கிறார்கள். இந்த நோய் முற்றி வடுப்படும் கட்டத்துக்கு 2024 மார்ச்சில் ரெஸ்மெடிரோம் என்ற முதல் மருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இந்த ஆகஸ்டில் செமாகுளுடைடும் சேர்ந்திருக்கிறது. அறுவைக்குப் போகாமலே தப்பிக்கும் கூட்டம் ஒன்று உருவாகும் என்று நம்புகிறேன். ஹெபடைடிஸ் சி என்ற வைரஸ் கல்லீரல் அழற்சி அப்படித்தான் ஆனது. 2013 இறுதியில் சோஃபோஸ்புவிர் என்ற மாத்திரை வந்தது, இன்று சில வார மாத்திரைகளில் 95 சதவீதத்துக்கு மேற்பட்டவர்கள் குணமாகிறார்கள்.

19 செப்டம்பர் 2025

"குடித்தே கெடுத்துக்கொண்டவர்களுக்கு ஏன் கல்லீரல்?" இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். காத்திருப்பு அறையில் நானும் இதையே நினைத்தேன் என்பதைச் சொல்லிவிட்டே தொடங்குகிறேன். எதிர் நாற்காலியில் ஒருவர், கண்ணெல்லாம் மஞ்சள். அவருடைய மகள் பள்ளிச் சீருடையில் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். குடிக்காத என் அக்காவோடு இவரும் ஒரே வரிசையிலா என்று எனக்குள் எரிந்தது.

ஆறு மாதம் குடிக்காமல் இருந்துகாட்டினால்தான் மாற்று அறுவைக்குப் பெயர் எழுதுவது என்ற விதி நீண்டகாலம் இருந்தது. கடுமையான மதுசார் கல்லீரல் அழற்சியில் ஸ்டீராய்டுக்கும் மசியாதவர்களில் பெரும்பாலோர் அந்த ஆறு மாதத்துக்குள்ளேயே இறந்துவிடுவார்கள். பிரான்சிலும் பெல்ஜியத்திலும் ஒரு குழு இந்த விதியை மீறிப் பார்த்தது. இதுவே முதல் பாதிப்பு, குடும்பம் கூட நிற்கிறது, இனி தொடமாட்டேன் என்ற உறுதி இருக்கிறது என்று சலித்து எடுத்த 26 பேருக்கு உடனே மாற்றினார்கள். 2011இல் முடிவு வெளியானது. ஆறு மாதத்தில் 77 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள், மாற்றாத ஒப்பீட்டுக் குழுவில் 23 சதவீதம். 26 பேரில் மறுபடி குடித்தவர்கள் மூன்று பேர்.

அதைப் படித்த பிறகுதான் அந்த மகளின் முகம் எனக்கு வேறுவிதமாக நினைவுக்கு வரத் தொடங்கியது. அவர் பெயர் வரிசையில் ஏறியதா என்று தெரியாது. கேட்டிருக்கலாம்.

21 செப்டம்பர் 2025

மேலே எழுதியதற்கு ஓர் எடை சேர்க்கவேண்டும், இல்லாவிட்டால் பாதி உண்மைதான். அதே பிரெஞ்சு ஆய்வாளர்கள் பின்னர் பெரிய அளவில் செய்து 2022இல் வெளியிட்டார்கள். இரண்டு ஆண்டில் மறுபடி மது தொட்டவர்கள், உடனே மாற்றியவர்களில் 34 சதவீதம், ஆறு மாதம் காத்திருந்து மாற்றியவர்களில் 25 சதவீதம். உயிர் பிழைத்தவர்களின் விகிதத்தில் இரு பக்கமும் வேறுபாடு இல்லை. என் கருத்து மாறவில்லை. ஆனால் அறுவையோடு குடிநோய் சிகிச்சையும் கட்டாயம் சேர்ந்து வரவேண்டும் என்பதை முதலிலேயே எழுதியிருக்கவேண்டும்.

27 செப்டம்பர் 2025

உயிரோடிருப்பவரை அறுக்காமல், மூளைச்சாவு அடைந்தவர்களின் கல்லீரலையே இன்னும் நன்றாகப் பயன்படுத்த முடியாதா என்று ஒருவர். என் மனத்துக்கு மிக நெருக்கமான கேள்வி.

1963 மார்ச் 1 அன்று டென்வரில் தாமஸ் ஸ்டார்சல் முதல் முறையாக மனிதருக்குக் கல்லீரலை மாற்ற முயன்றார். மூன்று வயதுக் குழந்தை, பித்தநாளமே உருவாகாத நோய். இரத்தம் நிற்காமல் அறுவை மேசையிலேயே இறந்தது. அந்த ஆண்டு செய்த எதிலும் யாரும் ஒரு மாதம் தாண்டவில்லை. நிறுத்திவிட்டார்கள். 1967இல் மறுபடி தொடங்கி, ஒரு சிறுமி ஓராண்டுக்கு மேல் வாழ்ந்தாள். அந்த நான்கு ஆண்டு அவர்கள் எப்படி உறங்கினார்கள் என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு.

அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் கல்லீரல் பனிக்கட்டிப் பெட்டியில்தான் பயணம் செய்தது. இப்போது 37 டிகிரி வெப்பத்தில் இரத்தமும் ஆக்சிஜனும் ஓடும் இயந்திரத்தில் வைக்கிறார்கள். அது அங்கேயே பித்தம் சுரக்கும். பொருத்துவதற்கு முன்பே வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். 2018இல் ஐரோப்பாவில் 220 மாற்று அறுவைகளைக் கொண்ட ஆய்வில், கல்லீரலில் ஏற்படும் சேதத்தின் அளவு பாதியானது, எறியப்பட்ட கல்லீரல்களின் விகிதமும் பாதியானது. இந்த இயந்திரம் எல்லா இடத்திலும் வந்துவிட்டால் என்னைப்போன்றவர்கள் தேவைப்படமாட்டார்கள்.

30 செப்டம்பர் 2025

அவசரப்பட்டுவிட்டேன். அந்த ஆய்வில் ஓராண்டு உயிர் பிழைப்பு இரு பக்கமும் ஒன்றுதான். பித்தநாளச் சுருக்கத்திலும் வேறுபாடு தெரியவில்லை. அந்தச் சுருக்கத்தைக் குறைத்துக் காட்டியது வேறொரு முறை. இதயம் நின்றபின் எடுத்த கல்லீரல்களைக் குளிர்ந்த நிலையிலேயே ஆக்சிஜன் ஓட்டி வைக்கிறார்கள். 2021இல் வந்த நெதர்லாந்துக் குழுவின் ஆய்வில் பித்தநாளச் சுருக்கம் 18 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாக இறங்கியது. "தேவைப்படமாட்டார்கள்" என்ற சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். குறைவாகத் தேவைப்படுவார்கள்.

6 அக்டோபர் 2025

மாத்திரை நேரம் பற்றிக் கேட்டவருக்கு மட்டும்: காலை 9, இரவு 9. புதுக் கல்லீரலை உடம்பு நிராகரிக்காமல் தடுக்கும் டாக்ரோலிமஸ் மருந்தின் இரத்த அளவு பார்க்கும் நாளில் காலை மாத்திரையை இரத்தம் எடுத்த பிறகுதான் போடவேண்டும். அக்கா ஒருமுறை மறந்து போட்டுவிட்டுப் போனாள். அளவு எக்கச்சக்கமாக வந்து, மருந்தைக் குறைத்துவிடப் பார்த்தார்கள். அத்தான் நோட்டைப் புரட்டி, "இன்று 9 மணிக்கே போட்டுவிட்டாள்" என்றார். மறுநாள் திரும்ப எடுத்தார்கள். குறைத்திருந்தால் நிராகரிப்பு வந்திருக்கலாம்.

மருந்தை நிறுத்தவே முடியாதா என்றால், சிலருக்கு முடிகிறது. பெற்றோரிடமிருந்து கல்லீரல் பெற்ற குழந்தைகளில் நன்றாகத் தேர்ந்தெடுத்த 20 பேருக்குப் படிப்படியாகக் குறைத்துப் பார்த்ததில் 12 பேர் மருந்தே இல்லாமல் நலமாக இருந்தார்கள் என்று 2012இல் ஓர் ஆய்வு வந்தது. எந்த 12 பேர் என்று முன்கூட்டியே சொல்லும் பரிசோதனையைத்தான் தேடிக்கொண்டிருக்கிறார்கள். இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் முயன்று பார்க்கவேண்டாம். கெஞ்சிக் கேட்கிறேன்.

அக்காவிடம் இதைச் சொன்னேன். "உன் கல்லீரலோடு உன் பிடிவாதமும் சேர்ந்து வந்திருக்கிறது, அதை அடக்கவாவது மாத்திரை வேண்டும்" என்றாள்.

14 அக்டோபர் 2025

பன்றிக் கல்லீரல் செய்தியைப் பலர் அனுப்பினார்கள். சீனாவில் 71 வயதான ஒருவருக்கு, மரபணு மாற்றிய பன்றியின் கல்லீரலைத் துணையாகப் பொருத்தியிருந்ததன் விவரம் சென்ற வாரம் வெளியாகியிருக்கிறது. அது பித்தம் சுரந்தது, 38ஆம் நாள் சிக்கலால் எடுக்கப்பட்டது, அவர் 171 நாள் வாழ்ந்தார். முழு மாற்று இல்லை. அவருடைய சொந்தக் கல்லீரலின் மிச்சப் பகுதி உள்ளேயே இருந்தது. எனக்குத் தோன்றுவது: சொந்தக் கல்லீரல் தேறும்வரை, அல்லது இன்னொன்று கிடைக்கும்வரை தாங்கும் பாலமாக இது வரலாம். 1963ஐ நினைத்தால் 38 நாள் சிறியதில்லை.

2 நவம்பர் 2025

கேள்வி கேட்டவர் இன்று எழுதியிருக்கிறார். அவருக்கு மிஞ்சும் இடது பகுதி 27 சதவீதம்தான், ஆகவே எடுக்க மறுத்துவிட்டார்கள். கொழுப்பைக் கரைக்கப் பட்ட பாடெல்லாம் வீண் என்கிறார். தங்கை முன்வந்திருக்கிறாள், அவளுக்குப் பரிசோதனை தொடங்கிவிட்டது. "கொடுக்கவேண்டிய நான் வெளியே உட்காரப் போகிறேன்" என்று முடித்திருக்கிறார்.

27ஐ மறுத்தவர்கள் உங்கள் தந்தையையும் உங்களையும் சேர்த்தே பார்த்திருக்கிறார்கள். கொழுப்பு குறைந்தது உங்களுக்கு லாபம்தான், அது வீணில்லை.

வெளியே உட்காருவது பற்றி: அத்தானின் இரத்த வகை பொருந்தவில்லை. அன்று இரண்டு அறுவை அறைகள், இரண்டிலும் அவர் வீட்டு ஆள்கள், நடுவில் தாழ்வாரத்தில் அவர் மட்டும். பிறகு அக்காவுக்கு ஒரு நோட்டு, எனக்கு ஒரு நோட்டு என்று வாங்கினார். நான் இங்கே எழுதிய எண்களில் பாதி அவர் எழுதிவைத்தவை. எல்லோரும் பெற்றவரின் அறையில் கூடுவார்கள். தங்கையின் நோட்டை முதலில் வாங்குங்கள். வடிகுழாய்ப் பையின் அளவை மட்டுமல்ல, நிறத்தையும் எழுதுங்கள். காலையில், சன்னல் பக்கம் தூக்கிப் பார்த்து.